மூன்று பன்றிக்குட்டிகளும் 48இல் ஒரு பங்கும்

கேள்வி கேட்டவர் சென்னையில் இருக்கும் ஒரு அம்மா. சொந்த ஊர் தேவகோட்டைப் பக்கம். ஆறு வயது மகனுக்கு மூன்று பன்றிக்குட்டிகள் கதையைச் சொல்லியிருக்கிறார். வைக்கோல் வீட்டை ஓநாய் ஊதித் தள்ளிவிட்டது, குச்சி வீட்டையும் ஊதித் தள்ளிவிட்டது, செங்கல் வீட்டிடம் மட்டும் அதன் பாச்சா பலிக்கவில்லை. ஆகவே கண்ணா, சோம்பல்படாமல் கெட்டியாக வீடு கட்ட வேண்டும் என்று முடித்திருக்கிறார். பையன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்புறம் ஏம்மா நம்ம ஊர் வீடு பூட்டியே கிடக்கு? அதுதானே எல்லாத்தையும் விடக் கெட்டி?” என்று கேட்டிருக்கிறான். பொங்கலுக்குப் போனபோது வீட்டின் இரண்டாவது பகுதியான இரண்டாங்கட்டில் வௌவாலைப் பார்த்துவிட்டு வந்த பையன். “இவனுக்கு என்ன சொல்வது? வளர்ந்தவர்கள் பார்த்தால் இந்தக் கதையில் என்னதான் நீதி இருக்கிறது?” என்பது அவர் கேள்வி.

இதில் வாய்திறக்க எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு. இருபது வருடத்துக்கு மேலாகக் காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் பழைய வீடுகளைப் பழுதுபார்ப்பதுதான் என் தொழில். போதாக்குறைக்கு, அப்படிப்பட்ட வீடு ஒன்றில் எனக்கும் 48இல் ஒரு பங்கு இருக்கிறது. வைத்தியரும் நானே, நோயாளியும் நானே.

முதலில் கதையைச் சரிபார்த்துவிடுவோம், ஏனென்றால் நாம் பிள்ளைகளுக்குச் சொல்வது பாதிக் கதை. ஜோசப் ஜேக்கப்ஸ் 1890இல் தொகுத்த இங்கிலாந்து நாட்டுக் கதைகளில் இது வருகிறது. அதில் மூன்று குட்டிகளில் யாரும் சோம்பேறி என்று ஒரு வார்த்தை கிடையாது. தாய்ப்பன்றிக்குப் பிள்ளைகளை வைத்துச் சோறு போட வழியில்லை. பிழைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிடுகிறது. முதல் குட்டி வழியில் வைக்கோல் சுமந்து வந்த ஆளைப் பார்க்கிறது. கொஞ்சம் கொடுங்கள் என்று கேட்கிறது, கொடுத்துவிடுகிறான். இரண்டாவது குட்டிக்கு முள்செடிக் கட்டோடு ஒருவன் எதிர்ப்படுகிறான். மூன்றாவது குட்டிக்கு எதிரே செங்கல் சுமையோடு ஒருவன் வருகிறான். கேட்டது, கொடுத்தான். அவ்வளவுதான் விஷயம். மூன்றாவது குட்டி சேமிக்கவில்லை, சூளை போடவில்லை, ஆசாரியிடம் பேரம் பேசவில்லை. சரியான ரோட்டில் சரியான நேரத்தில் நடந்து போனது.

முதல் இரண்டு குட்டிகளையும் ஓநாய் தின்றே விடுகிறது. தப்பித்து ஓடி வந்து அண்ணன் வீட்டில் ஒளிந்துகொள்வதெல்லாம் பின்னால் வந்தது. 1933இல் டிஸ்னி எடுத்த கார்ட்டூன் படத்தில்தான் முதல் இரண்டும் குழலும் பிடிலும் வாசித்துத் திரியும் சோம்பேறிகளாகவும், மூன்றாவது உழைப்பாளியாகவும் ஆயின. நாம் பிள்ளைகளுக்குச் சொல்லும் நீதி அந்தப் படத்தின் நீதி. அமெரிக்கா பெருமந்தம் என்ற பொருளாதாரச் சரிவில் மாட்டிக்கொண்டிருந்த நேரம், ‘கஷ்டப்பட்டு உழை’ என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும் என்று அந்த ஊர்க்காரர்களுக்குத் தோன்றியிருக்கலாம்.

பழைய கதையில் செங்கல் வீட்டை ஊத முடியாமல் போன பிறகு ஓநாய் விட்டுவிட்டுப் போகவில்லை. நயமாகப் பேச ஆரம்பிக்கிறது. “நல்ல டர்னிப் விளைந்திருக்கிறது, காலை ஆறு மணிக்கு வருகிறேன், சேர்ந்து போவோம்” என்கிறது. குட்டி ஐந்து மணிக்கே போய்ப் பிடுங்கி வந்துவிடுகிறது. அடுத்த நாள் ஆப்பிள் பறிக்க ஐந்து மணிக்கு என்கிறது. குட்டி நாலு மணிக்கே கிளம்புகிறது. மூன்றாம் நாள் சந்தை. சந்தையில் வெண்ணெய் கடையும் பீப்பாய் ஒன்றை வாங்கி, அதற்குள் உட்கார்ந்து மலையிலிருந்து உருண்டு வந்து ஓநாயையே பயமுறுத்துகிறது. கடைசியில் ஓநாய் புகைபோக்கி வழியாக இறங்குகிறது. குட்டி அதற்குள் அடுப்பை நன்றாக மூட்டி, பெரிய பானையில் தண்ணீர் ஏற்றி வைத்திருக்கிறது. விழுந்தது, மூடினது, வேகவைத்தது, ராத்திரி சாப்பாட்டுக்கு அதையே தின்றது. தம்பிகளைத் தின்ற ஓநாயை அண்ணன் தின்கிறான் என்றால் கணக்குப்படி அண்ணன் வயிற்றுக்குள் யார் யார் போனார்கள் என்று நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் பக்கமாக இருந்தால் குழம்பா, சுக்காவா, உப்புக்கறியா என்று ஒரு விவாதமாவது நடந்திருக்கும். வெறும் தண்ணீரில் வேகவைத்துத் தின்றது என்பதுதான் கதையிலேயே கொடுமையான இடம்.

இந்தக் கதையில் ஒரு ஆள் குறைகிறார், கவனித்தீர்களா? அப்பா பன்றி. எங்கே போனார் என்று யாருமே கேட்பதில்லை. செட்டிநாட்டுப் பிள்ளை யாருக்கும் அந்தச் சந்தேகம் வராது. அப்பச்சி (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) பர்மாவில் இருக்கிறார், வேறெங்கே இருப்பார்! தொழிலுக்காகக் கடல் தாண்டிப் போவதைக் கொண்டுவிக்கப் போவது என்று இங்கே சொல்வார்கள். பையன் மீசை முளைப்பதற்குள் கடையில் எடுபிடியாக இருக்கும் பெட்டியடிப் பையனாகக் கப்பல் ஏறிவிடுவான். மூன்று வருடக் கணக்கு முடித்து வந்து, கொஞ்ச காலம் இருந்துவிட்டு, மறுபடி கப்பல். தாய் அனுப்பிய குட்டிகள் கதை எங்களுக்கு வெளிநாட்டுக் கதையே கிடையாது.

செங்கல் சுமந்து எதிரே வந்த ஆளும் எங்களுக்குத் தெரிந்தவர்தான். 1852 போரில் ஆங்கிலேயர்கள் கீழ் பர்மாவைப் பிடித்தார்கள். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி ஆற்றுப் படுகையில் விளையும் அரிசிக்கு ஐரோப்பா வரைக்கும் சந்தை. காட்டைத் திருத்தி வயலாக்க விவசாயிக்குக் கடன் வேண்டும். வெள்ளைக்கார வங்கி அவனிடம் போகாது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் போனார்கள். புத்திசாலித்தனம் இருந்தது, கட்டுப்பாடு இருந்தது, காலணாவுக்குக்கூடக் கணக்கு இருந்தது, அதையெல்லாம் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்த ரோட்டில் அந்த ஆள் எதிரே வராமல் இருந்திருந்தால் கானாடுகாத்தானில் இன்று நாம் நின்று அண்ணாந்து பார்க்கும் வீடுகள் இருந்திருக்காது. எங்கள் ஐயா, அதாவது தாத்தா, கொஞ்சம் வேறு மாதிரி சொல்வார்: “உழைச்சது நாம, விளைஞ்சது அங்க, கட்டினது இங்க.”

அப்புறம் ஒரு சங்கடமான இடம் இருக்கிறது, அதைத் தாண்டிப் போனால் நேர்மையாக இருக்காது. 1930இல் அரிசி விலை விழுந்தது. கடன் வாங்கிய பர்மிய விவசாயியால் வட்டியே கட்ட முடியவில்லை. கடனுக்கு ஈடாக நிலம் வந்து விழுந்தது. பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் சுமார் 6 சதவீதம். 1938இல் 25 சதவீதம். வட்டிக்கு விட்டவர்களுக்கு நிலத்தில் ஆசை இல்லை, கையில் காசு திரும்ப வந்தால் போதும் என்றுதான் இருந்தார்கள், அது உண்மை. அதை ஒரு பர்மியக் குழந்தையிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள். அதன் ஓலைக் குடிசை வாசலில் நின்று ஊதினது யார் என்று அது வேறு ஒரு கதை சொல்லும். ஓநாயும் பன்றிக்குட்டியும் எப்போதும் வேறு வேறு ஆளாக இருப்பதில்லை. எந்தத் திண்ணையில் உட்கார்ந்து கதை கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது.

அதே ஆண்டுகளில்தான், டிஸ்னி பன்றி செங்கல் அடுக்கிக்கொண்டிருந்த 1930களில், எங்கள் ஊர்களிலும் வீட்டு வேலை நடந்துகொண்டிருந்தது. 1942இல் ஜப்பான்காரன் ரங்கூனுக்குள் வந்தான். கப்பல் கிடைத்தவர்கள் கப்பலில், கிடைக்காதவர்கள் காடு மலை வழியாக நடந்தே வந்தார்கள். 1948இல் பர்மா விடுதலையடைந்ததும் நிலம் அரசுடைமை. 1960களில் மிச்சமிருந்ததும் போயிற்று. செங்கல் வீடு மட்டும் இங்கே அப்படியே நின்றது. நின்றதுதான் பிரச்சினை.

சரி, அந்த வீட்டுக்குள் ஓநாய் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒருமுறை தொழில்முறையில் பார்த்துவிடுகிறேன். ஊதித் தள்ள வாய்ப்பே இல்லை. சுண்ணாம்பை ஊறவைத்து அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீர் சேர்த்து, அடுக்கடுக்காகப் பூசி, மேல் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு விட்டு இழைத்த சுவர் அது. நூறு வருடம் கழித்தும் உள்ளங்கையை வைத்தால் சில்லென்று வழுக்கும். பர்மாத் தேக்கில் நிலைக்கதவு. நாலு பேர் தள்ளினாலும் முனகும், திறக்காது. புகைபோக்கி வழியாக வரலாம் என்றால் புகைபோக்கி கிடையாது. வீட்டுக்குள் குடும்பம் புழங்கும் பகுதியான வளவுக்கு நடுவே முற்றம், மேலே வானம். அடடா, அப்படியே குதித்துவிடலாமே என்று ஓநாய்க்குத் தோன்றும். மேலே கம்பி போட்டிருப்பார்கள். கம்பி இல்லாத வீடாக இருந்தால், மழைத்தண்ணீர் பிடிக்க மூலைக்கு மூலை அண்டா வைத்திருப்பார்கள். கதையில் வருவதுபோல நேராகப் பாத்திரத்துக்குள்தான் விழும்.

ஆனால் ஓநாய்க்கு இவ்வளவு சிரமம் எதற்கு? வாசலில் வந்து நின்றாலே போதும். கதையில் வரும் குட்டி, “என் தாடி மயிர்மேல் ஆணை, உள்ளே விட மாட்டேன்” என்கிறது. எங்கள் வீட்டு ஆச்சி யாராவது அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? முகப்பில் இருக்கிறவர் “வாங்க” என்பார், வளவில் இருக்கிறவர் “வாங்க” என்பார், அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே ஒருவர் வந்து “வாங்க” என்பார். ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சொன்னால்தான் மரியாதை. ஓநாய் உட்காருவதற்குள் முன்னால் ஒரு தட்டில் தேன்குழலும் மாவுருண்டையும் வந்துவிடும். நாலு மாவுருண்டை உள்ளே போன பிறகு எந்த ஓநாயாலும் ஊத முடியாது.

இப்போது கேள்விக்கு வருகிறேன். இவ்வளவு கெட்டியான வீடு ஏன் வௌவாலுக்குப் போகிறது?

நான் கூரை மேல் ஏறிப் பார்த்ததைச் சொல்கிறேன். செட்டிநாட்டு வீட்டின் கூரை நாட்டு ஓடு. அரைவட்டமாக, சின்னச் சின்னதாக, ஒன்றின் மேல் ஒன்றாகப் பல அடுக்கு. வெயிலுக்கு அதைப்போல் ஒரு கூரை கிடையாது. அதில் ஒரு ஓடு நகர்ந்தால் போதும். ஒரு குரங்கு நடந்தால் நகரும், தேங்காய் மட்டை விழுந்தால் நகரும். நகர்ந்த இடத்தில் முதல் மழைக்கு இரண்டு சொட்டு. அந்த வருடம் ஒன்றும் தெரியாது. அடுத்த வருடம் ஓட்டுக்கு அடியில் இருக்கும் ரீப்பர் சட்டம் கறுக்கும். அதற்கடுத்த வருடம், கூரையைத் தாங்கும் சாய்வு மரமான கைமரத்தின் தலை இற்றுப்போகும். தேக்கேயானாலும் சுவருக்குள் புதைந்திருக்கும் தலை மட்டும் காயாமலே இருந்தால் இற்றுத்தான் போகும். கைமரம் உட்கார்ந்தால் கூடவே நாற்பது ஐம்பது ஓடு சரியும், அப்புறம் தண்ணீர் நேரே சுவருக்குள் இறங்கும். முட்டை வெள்ளைக்கரு போட்ட சுவர் முன்பக்கம் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே சுண்ணாம்பு கரைந்துகொண்டிருக்கும். கடைசியில் ஒரு கார்த்திகை மாதத்து ராத்திரி மூன்றாங்கட்டு ‘தொம்’ என்று உட்காரும். பக்கத்து வீட்டுக்காரர் துபாய்க்குப் போன் போட்டுச் சொல்வார். முதல் வருடமே ஒரு ஆளை ஏற்றி அந்த ஒரு ஓட்டை மட்டும் சரியாகத் தள்ளி வைத்திருந்தால், அரை நாள் கூலி.

இன்னொன்று அரசங்கன்று. காக்கை அரசம்பழம் தின்றுவிட்டுக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து எச்சம் போட்டுவிட்டுப் போகும். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், விதைக்கு அதைவிட நல்ல தொட்டில் கிடையாது. கட்டைவிரல் நீளத்தில் இருக்கும்போது பிடுங்கினால் கையோடு வந்துவிடும். மூன்று வருடம் விட்டால் வேர் சுவரைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடும்; அப்புறம் மரத்தை எடுத்தால் சுவர் வரும், சுவரை வைத்தால் மரம் நிற்கும். ஓநாய் ஊதி முடியாததை ஒரு காக்கை உட்கார்ந்து முடித்துவிடும்.

வைக்கோல் வீட்டுக்காரனைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், பாவம் அவனுக்கு எந்தக் கதையிலும் நல்ல பேர் இல்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிப் புதுக்கோட்டை வழியாக எங்கள் பக்கமும் வந்தது. அதுதான் உண்மையிலேயே ஊதின ஓநாய். கீற்றுக் கொட்டகை எல்லாம் பறந்தது. நான் அப்போது வேலை பார்த்துக்கொண்டிருந்த ஊரில், பெரிய வீட்டுக்குப் பின்னால் குடிசை போட்டிருந்த ஒரு குடும்பம் கண்ணெதிரே கூரையை இழந்து நின்றது. கஷ்டம்தான், சாதாரணக் கஷ்டம் இல்லை. ஆனால் பத்து நாளில் மூங்கில் நட்டு, கீற்று வேய்ந்து, பழையபடி உள்ளே போய்விட்டார்கள். ஏனென்றால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கீற்று மாற்றிப் பழக்கப்பட்ட கை. கூரை என்றால் என்ன, எங்கே ஒழுகும், யாரைக் கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் அந்த வீட்டில் பத்து வயதுப் பையனுக்குக்கூடத் தெரியும். முன்னால் இருந்த பெரிய வீட்டில் அன்று சரிந்தது மொத்தமே இருநூறு ஓடுதான். அதைப் போய்ப் பார்க்க வீட்டுக்காரர்கள் யாரும் மேலே ஏறவில்லை. ஏறத் தெரிந்தவர் யாரும் அந்தக் குடும்பத்திலும் இல்லை. கெட்டியான வீட்டில் பிறந்தவனுக்கு வீடு என்பது தானாக நிற்கிற ஒரு பொருள் என்று ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. எனக்கும் இருந்தது, தொழிலுக்கு வந்த பிறகுதான் போயிற்று.

குச்சி வீடு? அது முப்பது வருடத் தவணையில் வாங்கிய அடுக்குமாடி ஃபிளாட். தவணை முடிவதற்குள் கட்டடத்தையே இடித்துக் கட்டலாம் என்று அசோசியேஷன் கூட்டம் போட்டுவிடும். அதைப் பற்றி வேறு நாளில் பேசலாம்.

எங்கள் பக்கத்து ஓநாயை நேரில் பார்க்க வேண்டுமா? ஊதாது, உறுமாது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வரும். ஒருமுறை ஒரு வீட்டு முகப்பில் நான் அளவெடுத்துக்கொண்டிருந்தேன். ஒருவர் வந்து திண்ணையில் உட்கார்ந்தார். தூணைத் தடவிப் பார்த்தார். “என்ன தேக்குங்க இது! இப்படி மழையில நனையவிட்டுட்டாங்களே” என்றார். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அடுத்து, நிலைக்கு மேல் இருந்த கஜலட்சுமியைப் பார்த்து ஒரு பெருமூச்சு. அடுத்து, உள்ளே மங்குச் சாமான், அதாவது பீங்கான் பாத்திரம், ஏதாவது மிச்சம் கிடக்கிறதா என்று ஒரு விசாரிப்பு. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம் என்பதைப் பழமொழியாகத்தான் அதுவரை கேட்டிருந்தேன். மூன்று மாதத்தில் அந்த வீட்டில் தூண் இல்லை, கதவு இல்லை, எனாமல் தூக்குச்சட்டி ஒன்றுகூட இல்லை. தளத்தில் ஆத்தங்குடிக் கல் மட்டும் கிடந்தது, பெயர்த்தால் உடையும் என்பதால். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளைச் சுற்றிப் பாருங்கள். கண்காட்சிக்குப் போனதுபோல இருக்கும். அந்தக் கடைக்காரர்களை நான் குறை சொல்ல மாட்டேன்; வீட்டுக்காரன் தானே கூப்பிட்டு விற்றதை அவர்கள் துடைத்தாவது வைத்திருக்கிறார்கள். ஓநாயை உள்ளே விட்டது பன்றிக்குட்டிதான், அதுவும் எடைக்கு எடை காசு வாங்கிக்கொண்டு.

தூணை விற்றாலும் பரவாயில்லை, பங்கையே விற்றுவிட்டால்? இதையும் ஒருவர் என்னிடம் கேட்டிருக்கிறார், அதனால் சொல்லிவிடுகிறேன். பிரிக்காத குடும்ப வீட்டில் ஒரு பங்காளி தன் பங்கை ஓநாய்க்கு எழுதிக் கொடுத்துவிட்டார் என்று வையுங்கள். 1882ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 44ஆவது பிரிவுப்படி, வெளியாளான ஓநாய் உள்ளே வந்து நம்மோடு சேர்ந்து குடியிருக்க உரிமை கிடையாது. பாகம் பிரித்துக் கொடு என்று கோர்ட்டுக்குத்தான் போக முடியும். அப்படிப் போனால், 1893ஆம் வருடத்துப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4ஆவது பிரிவின் கீழ், கோர்ட் மதிப்புப் போடும் விலைக்கு அந்தப் பங்கைக் குடும்பத்தாரே திருப்பி வாங்கிக்கொள்ளலாம். அதாவது, ‘தாடி மயிர்மேல் ஆணை’ என்பதற்கு நம் சட்டத்தில் ஒரு பிரிவே இருக்கிறது. ஒரே சிக்கல், திருப்பி வாங்குவதற்கு மற்றப் பங்காளிகள் பணம் எடுக்க வேண்டும். அங்கேதான் கதை நிற்கும்.

எங்கள் வீட்டுக் கணக்கையே சொல்கிறேன். கட்டியவர் என் ஐயாவின் அப்பச்சி. அவருக்கு ஆண்மக்கள் நாலு பேர். ஆளுக்கு நாலில் ஒன்று. அதில் ஒருவரான என் ஐயாவுக்கு நாலு பிள்ளைகள், 16இல் ஒன்று. அதில் என் அப்பச்சிக்கு நாங்கள் மூன்று பேர், தங்கச்சியையும் சேர்த்து, 48இல் ஒன்று. இந்தப் பெரிய வீட்டில் கணக்குப்படி எனக்கு என்ன வரும் என்று ஒருநாள் வேலை இல்லாமல் அளந்து பார்த்தேன். இரண்டாங்கட்டில் ஒரு உள்வீடு, அதாவது ஒரு அறை, தூண்கள் நிற்கும் கூடமான பட்டாசாலையில் ஒன்றரைத் தூண், நடையில் கொஞ்சம். அந்த அரைத் தூணின் மறுபாதி மலேசியாவில் இருக்கும் சித்தப்பா மகனுக்கு.

போன வருடம் முன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்குப் பங்காளிகள் கூடினோம். கூரை ஒரு பக்கம் ஒழுகுகிறது, நானே எஸ்டிமேட் போட்டேன், கூலியில் லாபம் வைக்காமல். 1,80,000 ரூபாய். என் பங்குக்கு 3,750. இவ்வளவுதானே, உடனே முடித்துவிடலாம் என்று நினைத்தேன். மூன்று மணி நேரம் பேசினோம். ஒழுகுவது யார் பக்கம் என்று முதல் கேள்வி. “எங்க உள்வீட்டுக்கு மேல ஒழுகலியே அண்ணே” என்றார் ஒருவர். வீடு விழுந்தால் அவருடைய உள்வீடு மட்டும் அந்தரத்தில் நிற்கும்போல. பெரியத்தான் ஒருவர், 1987இல் தான் தனியாகச் செலவழித்து வெள்ளையடித்ததை இதில் கழிக்க வேண்டும் என்றார், ரசீது வைத்திருந்தார்! அமெரிக்காவில் இருக்கும் பையன் மூன்று கொட்டேஷன் வாங்குங்கள் என்று வாட்ஸ்அப்பில் போட்டான். மூன்றையும் நானேதான் கொடுக்க வேண்டும், இந்த வேலைக்கு அக்கம்பக்கத்தில் வேறு ஆள் இல்லை. கடைசியில் அடுத்த படைப்புக்குப் பேசிக்கொள்ளலாம் என்று முடிவாகி, எல்லோரும் கந்தரப்பமும் மசாலா சீயமும் சாப்பிட்டோம். அன்றைக்குச் சமையலுக்கு ஆன செலவில் பாதிக் கூரை மாற்றியிருக்கலாம். சீயம் நன்றாக இருந்தது, அதை மறுப்பதற்கில்லை.

இத்தனைக்கும் ஐயா காலத்தில் இதே வீட்டில் ஒரே நேரத்தில் பதினோரு புள்ளி இருந்ததாம். புள்ளி என்றால் கல்யாணமான ஒரு ஜோடி. கோவில் வரி முதல் எல்லாக் கணக்கும் எங்களுக்குப் புள்ளிக் கணக்குத்தான். கல்யாணமானதும் பிள்ளையை ‘வேறு வைத்து’ விடுவார்கள்: வளவு ஒன்றே, உள்வீடு தனி, அடுப்பு தனி. மருமகளோடு மல்லுக்கட்டாமல் இருக்கப் பெரியவர்கள் கண்டுபிடித்த வழி என்று எங்கள் ஆயா, அதாவது பாட்டி, சிரித்துக்கொண்டே சொல்வார். பதினோரு அடுப்பு! ஆண்கள் பாதிப் பேர் பர்மாவில். வீட்டை நடத்தினதெல்லாம் பெண்கள். ஓடு நகர்ந்தால் முதல் சொட்டு யாராவது ஒரு ஆச்சியின் வெங்காயக் கூடையில் விழும். அன்று சாயங்காலத்துக்குள் ஆள் மேலே ஏறியிருக்கும். அந்த வீட்டைக் காத்தது முட்டை வெள்ளைக்கரு இல்லை, அந்த ஆச்சியின் கத்தல்.

இதைச் சொல்லும்போதுதான் பழைய கதையில் எல்லோரும் விட்டுவிடுகிற இடம் எனக்குப் பளிச்சென்று பட்டது. செங்கல் ஓநாயைத் தடுத்தது, சரி. ஆனால் கொன்றது எது? எரிந்துகொண்டிருந்த அடுப்பு. புகைபோக்கி வழியாக ஓநாய் இறங்கியபோது அந்தக் குட்டி வீட்டைப் பூட்டிவிட்டுப் பெங்களூருக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கீழே பானையும் இல்லை, நெருப்பும் இல்லை. ஓநாய் மெத்தென்று சாம்பலில் குதித்து, உள்ளிருந்தே தாழ்ப்பாளைத் திறந்து, தூணைத் தடவிப் பார்த்துக் கண்கலங்கியிருக்கும்.

எங்கள் வீட்டில் இப்போது எரியும் அடுப்பு ஒன்று. மூன்றாங்கட்டில் காவலுக்கு இருக்கும் அக்கா வைத்திருக்கிறார். அவருக்கு இந்த வீட்டில் பங்கு எதுவும் கிடையாது. கேஸ் கொடுத்தோம், விறகடுப்பில்தான் சோறு வடிக்கிறார், கேஸ் காப்பிக்கு மட்டும். நான் வருடத்துக்கு இரண்டு தடவை கைமரங்களைத் தட்டிப் பார்ப்பேன். முகப்பில் தட்டினால் இரண்டு மூன்று இடத்தில் பொக்கென்று சத்தம் வருகிறது, கரையான் ஏறிவிட்டது. அவர் அடுப்புப் புகை படுகிற இடத்தில் மரம் கரேலென்று இருக்கிறது, தட்டினால் கணீரென்கிறது. அந்தக் கட்டில் வௌவாலும் இல்லை.

ஆகவே, அந்தப் பையனிடம் சொல்ல என்னிடம் ஒரு வழி இருக்கிறது. அடுத்த பொங்கலுக்கு வரும்போது ஒரு நாள் கூடுதலாக இருங்கள். முற்றத்தில் பானை வைத்ததும் கிளம்பிவிடாமல் ராத்திரிக்கும் அங்கேயே உலை வையுங்கள். ஒரு ஆளைக் கூப்பிட்டு, அரை நாள் கூலி கொடுத்து, ஓட்டைத் தள்ளச் சொல்லிவிட்டுப் பையனை ஏணிக்குக் கீழே நிற்கவையுங்கள். வௌவாலைப் பார்த்து அவன் பயப்பட்டால், வௌவாலும் ஒரு பங்காளி என்று சொல்லிவையுங்கள். சட்டப்படி இல்லாவிட்டாலும், நம்மைவிட அதிக நாள் அந்த வீட்டில் இருப்பது அதுதான்.

என் மகளுக்கும் இந்தக் கதையைப் பழைய முடிவோடுதான் சொன்னேன், ஓநாயைத் தின்றது வரை. நீதி என்ன என்று அவள் கேட்கவில்லை. “தண்ணி கொதிச்சிச்சுல்ல, அதுல அந்தப் பன்னிக்குட்டி மொதல்ல என்ன வேகவைக்க நெனச்சிச்சு?” என்று கேட்டாள். கவுனி அரிசி என்றேன். அது வேக நேரமாகுமே என்றாள். ஆகும், முதல் நாளே ஊறப்போட்டிருந்தது என்றேன்.